மிளகாய் வள்ளம் வந்த லீவு நாள்

மட்டாஞ்சேரியில் எனக்குக் கிடைத்த ஒரே லீவு நாளில் நான் ஒரு சவ ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தேன். அது சவ ஊர்வலம் என்று எனக்குத் தெரியாது. செத்தவரும் யாரும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவிலிருந்து கண் சிகிச்சை முகாமுக்கு வந்த குழுவில் நானும் ஒருத்தி. நர்ஸ் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. தமிழ் பேசுவாள் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். வந்து பார்த்தால் இந்த ஊர்த் தமிழில் பாதி எனக்குப் புரியவில்லை, என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்தவர்கள் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக்காரி என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. அந்த நாட்களில் எப்போதும் சிடுசிடுப்பாகவே இருந்தேன்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. லீவன்று குழு மொத்தமும் சீனவலையில் மீன் பிடிப்பதைப் பார்க்கப் படகில் கும்பளங்கிக்குப் போனது. படகில் ஏறினாலே குமட்டும் எனக்கு, போகவில்லை. அம்மாவுக்குக் கிராம்பும் பட்டையும் வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது, கட்டு அவிழாமல் பின் அறையில் மிஞ்சியிருந்த ஒரே நோயாளியான அக்காவிடம் சொல்லிக்கொண்டேன்.

முகாமில் சேர்ந்து ஒரு வாரமாகி, முந்தின நாள்தான் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஐம்பது வயது இருக்கும், கிடங்கில் சுக்கு புடைத்துப் பொறுக்கும் வேலை. ஒரு கண் முன்பே நாட்டு வைத்தியத்தில் போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒன்றுதான். கண்ணைக் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து மல்லாத்திப் படுக்க வைத்திருந்தோம். தும்மக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. தையல் பிய்ந்தால் கண் போச்சு. அவர் புருஷன் நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். வெளிநாட்டான் கத்திக்குக் கண்ணைக் கொடுக்காதே என்று அவர் தடுக்க, மீறிக்கொண்டு அக்கா வந்துவிட்டாராம். அந்த மனுஷன் ஒரு நாளும் முகாமுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. "கண்ணு போச்சுன்னா நான் அன்னைக்கே சொன்னேனில்லேன்னு சொல்லிச் சொல்லியே என்னெக் கொன்னுடுவாரு மோளே" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார்.

பத்துக் கடை தாண்டியிருக்க மாட்டேன், துறையிலிருந்து ஒரு நெடி வந்து மூக்கில் ஏறியது. மிளகாய். வள்ளம் என்கிற சரக்குப் படகு நிறைய வற்றல் மூட்டைகள், பாதி கிழிந்து சிதறிக் கிடந்தன. சுமை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கிடங்கைக் கை காட்டினார்கள். அந்தக் கிடங்கின் ஜன்னல் அக்கா படுத்திருந்த அறையைப் பார்த்தபடி இருந்தது.

இறக்காதீர்கள் என்று கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். யார் இந்தப் பைத்தியம் என்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் என்னை வியாபாரி வீட்டுப் பெண் என்றார், இன்னொருவர் சங்கத்துக்காரி என்றார். கண், தையல், தும்மல் என்று நான் என்னென்னவோ உளறினேன். கடைசியில் அவர்களுடைய மூப்பன், நரைத்த மீசைக்காரர், விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வானம் கறுத்துவிட்டதென்றும், நனைந்தால் சரக்கு முழுக்க நாசமென்றும் சொன்னார். யாருக்கு என்று கேட்டார். சுக்குக் கிடங்கு அக்கா என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தார்.

"சரக்கு நிக்காது மோளே. ஆளெ மாத்தலாம்" என்றார்.

கடைத்தெருவின் மறுகோடியில், பயணிகள் படகுத்துறைப் பக்கம் தேயிலைக் கிடங்கு ஒன்று காலியாக இருந்ததாம். நான்கு பேர் வந்து கட்டிலோடு அக்காவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். முட்டைக் கூடை சுமப்பதுபோல் ஒரு ஆட்டம் இல்லை. தூசு ஏறக் கூடாதென்று நான் வெள்ளைத் துணியால் உடம்பைப் போர்த்தி, கண் கட்டில் படாமல் மூக்கிலும் வாயிலும் ஈரத் துணியைப் போட்டேன். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர் இருந்த மண் கலயத்தை எடுத்துக்கொண்டு, வழி விலக்க முன்னால் நடந்தேன். வழக்கமாகக் கூப்பாடு போட்டுக்கொண்டு போகிறவர்களை வாய் திறக்கக் கூடாது என்று மூப்பன் அடக்கி வைத்திருந்தார்.

தெரு தானாகவே விலகியது. தலைத் துண்டுகள் இறங்கின. கடைக்காரர்கள் பலகைகளைப் பாதி சாத்தினார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, பெண்பிள்ளையா சட்டி தூக்குவது என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் ஊரில் பிணம் லாரியில் போகும்.

மேலே கட்டிலிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "தெரு என்ன இப்படி ஒரு சத்தமும் இல்லாம மிண்டாம கெடக்கு? ஆரு மோளே செத்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைத் துணி, நான்கு பேர், முன்னால் மண் கலயம். செத்தது நீங்கள்தான் அக்கா என்று எப்படிச் சொல்வது? சிரிப்பு வந்துவிட்டால் கண் போய்விடும்.

அதற்குள் எதிரே ஒரு ஆள் என்னையும் முகாம் கட்டிலையும் பார்த்துவிட்டு, துடைப்பத்தை வீசிவிட்டு ஓடி வந்தார். காக்கி டிரவுசர், நகராட்சிச் சட்டை. கட்டில் காலைப் பிடித்துத் தொங்கினார். ஆட்டம் கண்டால் ஆபத்து என்று மூப்பன் கட்டிலை மெதுவாக ஒரு கடை வாசலில் இறக்க வைத்தார். அந்த ஆள் அக்காவின் பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"தெனமும் பள்ளிக்கூடத்துக் கேட்டு வரைக்கும் வந்தேன் பெண்ணே. உள்ள வர நாணமா இருந்துச்சு. நீ திட்டினாலும் வந்திருக்கணும். இனி எனக்கு ஆரு இருக்கா?"

உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. குனிந்தேன்.

"சொல்லாதே" என்றார் அக்கா, ஈரத் துணிக்கு அடியிலிருந்து. "அவரு முடிக்கட்டும்."

அவர் முடிக்க நேரமாயிற்று. கல்யாணமான புதிதில் ஒரு மாலையில் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் வாங்கித் தராத வளையல் வரைக்கும் போனது பேச்சு. தெருவே அழுதது. நான் அக்காவின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், நனைகிறதா, நனைகிறதா என்று. கை மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. முதல் தூறல் விழுந்தது. மூப்பன் பொறுமை இழந்தார்.

"சேட்டா, எழுந்திரும். மரிக்கலை. கண்ணு ஓப்பரேஷன்."

அந்த முகத்தை எப்படி எழுதுவது? அவர் எழுந்து, என் கையிலிருந்த கலயத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தேயிலைக் கிடங்கு வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார். தான் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டதா என்றார். தூக்க மருந்து கொடுத்திருக்கிறோம், ஒன்றும் கேட்டிருக்காது என்றேன். அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனால் அக்கா, அவர் பேசியது தன் காதில் விழுந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்றார். யாருக்காக யாரிடம் பொய் சொல்கிறேன் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. சாயங்காலம் டாக்டர்கள் வந்து, தும்மலுக்குப் பயந்து நோயாளியைத் தலையில் சுமக்க விட்டவள் என்று என்னை ஒரு பிடி பிடித்தார்கள். கண் போனால் நான்தான் பொறுப்பு என்றார்கள். லீவு நாளில்கூட வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறேனே என்று படுத்தும் தூக்கம் வரவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று புருஷன் சுவரோரம் பழைய உம்மென்ற முகத்தோடு நின்றார். அன்றைக்கு அழுதவர் இவர்தானா என்றிருந்தது. டாக்டர் கடைசிப் பஞ்சை எடுத்தார். அக்கா கண்ணைச் சிமிட்டினார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் வெகுநேரம் பார்த்தார்.

"சட்டைப் பித்தானை மாத்தி இட்டிருக்கீரு" என்றார்.

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதுவரை அக்கா கண்ணை எடுக்கவில்லை.