முதல் கரண்டி கூழ்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றும்போது முதல் கரண்டியை நான்தான் ஊற்றுவேன். அதிகம் படிக்காத எனக்குத் தெருவில் இருந்த மரியாதையே அதுதான்.

போன ஆடியில் கோயில்காரர்கள் அந்தக் கரண்டியை எதிர்வீட்டு சரோஜாவின் மகளிடம் கொடுத்தார்கள். நாடு நாடாகப் போய்க் கபடி ஆடும் அணிக்கு அவள் கேப்டன். எனக்கு வயிறு எரிந்தது.

"இவ அடுப்புப் பக்கம் எப்ப வந்தா?" என்று முணுமுணுத்தேன்.

அது அவள் காதில் விழுந்துவிட்டது. "வாஸ்தவந்தான் பெரியம்மா," என்று சிரித்தாள். "கூழைக் கிண்டினது யாருங்க?"

என்னைத்தான் சொல்வார்கள் என்று நிமிர்ந்து நின்றேன். பெண்கள் அடுப்பருகே நின்ற மல்லிகாவைக் காட்டினார்கள். விடியற்காலையிலிருந்து புகையில் நின்றவள் அவள்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை ஏவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க ஊத்துங்க. நாங்க கப் ஜெயிச்சா, ஆடாம வெளிய உக்காந்திருந்த பிள்ளைங்க கையிலதான் முதல்ல குடுப்போம்," என்று சரோஜாவின் மகள் அவளிடம் கரண்டியை நீட்டினாள்.

மல்லிகா தயங்கினாள். "வாங்குடி, கூழ் ஆறுது!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

தெருவே அந்தக் கபடிக்காரப் பெண்ணை வாஞ்சையோடு பார்த்தது. இத்தனை ஆடிகள் கரண்டியைப் பிடித்திருந்த என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கரண்டி போன வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பார்வைக்குத்தான் இன்னும் பொறாமைப்படுகிறேன்.