மொட்டைமாடியில் நான்கு நாள் இருந்த கத்தரிக்காய்

நான்கு நாள் களப்பணி முடிந்து காலை ஏழு மணிக்குத் தில்லி முனிர்கா அறைக்குத் திரும்பினேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, நைனா, மொட்டைமாடியில் கத்தரிக்காய்க் கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஜனவரி மூடுபனி. அவர் தலையில் என் மஃப்ளர்.

கிட்வாய் நகரில் எங்கள் வேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று மதியம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் முள்ளுக் கத்தரியில் எண்ணெய்க் கத்தரிக்காய் போட ஆசைப்பட்டார். நைனா எங்கள் கொல்லையில் பறித்து, நான் களப்பணிக்குக் கிளம்பிய அன்று ரயிலில் தானே கொண்டுவந்திருந்தார்.

“ஒண்ணுகூட வாடல பாரு. ஊர்ல இருந்தா இந்நேரம் சுருங்கிப் போயிருக்கும்,” என்றார்.

நான் ஆராய்ச்சி செய்வதே இதைத்தான். நம் ஊர்க் காய்கள் பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே கெடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். ஊரில் தண்ணீர் தெளித்து ராத்திரிக் காற்றில் வைப்பது சரி. தில்லி மாடியில் அது தப்பு. ஒரு காயை நறுக்கினேன். விதையெல்லாம் பழுப்பு. இன்னொன்றும் அப்படியே. கூடையின் நடுவிலிருந்து எடுத்தது மட்டும் வெள்ளையாக இருந்தது.

நைனா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பூச்சி இல்லையே என்றார். குளிர் என்றேன்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் நைனா.”

“போன்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

தினமும் பேசினோம். கீசர் போடுவது, பால் வாங்குவது எல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதே விஷயத்தை இரண்டு கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன். காயை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. கத்தரிக்காயைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். முழுக் காயாக இலையில் விழும், சம்பந்தியம்மா பிட்டுப் பார்த்தால் தன் மானம் போகும் என்றார். பிறகு, “கூடைய எடுத்துக்கிட்டு ஜல்தி வாங்க. எப்படியும் கீறணும். கீறிப் பாத்துடலாம்,” என்றார்.

அக்கா வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நைனா ஒவ்வொரு காயையும் காம்பு விடாமல் நாலாகக் கீறி, விரித்துப் பார்த்தார். வெள்ளையானது உப்புத் தண்ணீருக்குள், பழுப்பானது ஓரத்துக்கு. அக்கா கடிகாரத்தையும் பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். தலை நிமிராமல் நைனா என்னிடம் கேட்டார்: “இதே மாதிரி வெண்டைக்கும் ஆவுமா?”

ஆகும் என்றேன். வேறு எதற்கெல்லாம் என்று கேட்டார். சொன்னேன்.

கூடை காலியானது. மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கு ஆளுக்கு ஒன்று, மேலே இரண்டு.

“நமக்குக் கடைக்காய் போதும்,” என்றார் அக்கா. “ரெண்டாவது யாரும் கேக்காம இருக்கணும்.”

முதலில் கேட்டது சம்பந்தியம்மாதான். வைத்தேன். பாத்திரத்தில் இன்னும் ஒன்று இருந்தது.