பரீத் வீடு காட்டிய நாள்

கம்பத்தின் வடக்குத் தெருக்களில் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டிய பன்னிரண்டு பெண்கள் அலாரத்தை நம்புவதில்லை. சேக் பரீத்தின் ஜீப் ஆரனைத்தான் நம்புவார்கள். முத்துமாரியம்மாள் வீட்டுக்கு இரண்டு சின்ன ஆரன். பாண்டியம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒரு நீட்டு ஆரன். சுப்புத்தாய் வீட்டுக்கு ஆரனே கிடையாது. பக்கவாதத்தில் விழுந்த அவள் புருசன் அசந்து தூங்குகிற நேரமே அதுதான். முன்விளக்கை இரண்டு தடவை மினுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு பேருக்கும் பரீத் செட்டு என்று பெயர். மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள். தோட்டத்தை மாற்றினாலும் மாற்றுவார்கள், லேசில் டிரைவரை மாற்ற மாட்டார்கள். ஜீப் சீனிச்சாமியுடையது, செட்டு மட்டும் பரீத் பத்து வருடமாகச் சேர்த்தது.

அவனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஏற்றுவதும் இறக்குவதும் சேர்த்து மூன்று மணி நேர வேலை. மிச்ச நேரமெல்லாம் தோட்டத்து ஷெட்டுக்குப் பக்கத்தில் ஜீப்பில் காலை நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். சீட்டாட்டம் வராது. போனில் சிக்னல் வராது, அதற்கு மேட்டின் உச்சிக்கு வர வேண்டும். முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தன் பகல்களையெல்லாம் மலையட்டைக்குப் பயந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டே கழித்தான் என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? மனைவி நசீமாவிடம் மட்டும் சொல்வான். அவளும், “இதைவிட நல்ல வேலை கெடச்சா சொல்லுங்க, நானே அனுப்பி வைக்கிறேன்” என்பாள்.

பிடிக்காத வேலையை மனிதர்கள் முப்பது வருடம்கூடப் பார்த்துவிடுகிறார்கள். பயம் வந்துவிட்டால்தான் ஒரு நாள்கூடத் தள்ளுவது கஷ்டம். பரீத்துக்குப் பயம் வந்தது ஐப்பசியில்.

இறக்கத்தில் எதற்கு இஞ்சின் என்பது சீனிச்சாமியின் கேள்வி. திரும்பும்போது மேட்டின் உச்சியில் இஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால், ஜீப் தன் பாட்டுக்கு அடிவாரம்வரை உருண்டு வந்துவிடும். டீசல் மிச்சம். “ஆப் பண்ணி எறக்கு” என்பார். டீசலைக் குச்சி விட்டு அளந்து பார்க்கிற மனிதர். பரீத்தும் பத்து வருடமாக அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், டிரைவர்கள் மொட்டப்பாறை என்று சொல்லும் வளைவில் பிரேக்கை மிதித்தான். இஞ்சின் ஓடாத வண்டியில் பெடல் இறுகும் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். அன்று அது கல்லாகிவிட்டது. சீட்டைவிட்டு எழும்பி நின்று மிதித்தான். ஜீப் நிற்கவில்லை. சாவியைத் திருப்பி, கியரை இரண்டாவதில் திணித்தான். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, அலறி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, திராட்சைப் பந்தல்கள் தெரிந்தன.

முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் பத்துப் பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரின் தலையும் சாய்ந்து கிடந்தது. இருட்டில் எழுந்து, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்தவர்களுக்கு இடி விழுந்தாலும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான். அல்லா காப்பாற்றினான், யாருக்கும் தெரியாமலும் காப்பாற்றினான். அந்த உலுக்கலில் ஒருத்திகூடவா விழிக்கவில்லை என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது அவனுக்கு அன்று சௌகரியமாக இருந்தது.

இரண்டு நாள் இஞ்சினை அணைக்காமல் இறக்கினான். மூன்றாம் நாள் சீனிச்சாமி குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, “என்ன பாயி, டீசலக் குடிக்கிறியா?” என்று கேட்டார். நாலாம் நாளிலிருந்து மறுபடியும் அணைத்துத்தான் இறக்கினான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஆனால் உச்சி வந்ததும் உள்ளங்கை வேர்த்தது. மொட்டப்பாறை வரும் முன்பே தொடை நடுங்கியது. சோற்றில் கை வைத்தால் பெடல் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு நாள் நசீமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நசீமாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ஒன்பது வருடம் தர்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து தங்கிய பிள்ளை. அவள் கத்தவில்லை. அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

“இனிமே அந்த மலையில ஏற மாட்டேன்னு சொல்லுங்க.”

“செட்டு என்னாகுறது நசீமா? பத்து வருசமா என்னைய நம்பி...”

“செட்டுக்கு வேற டிரைவர் வருவாக. இந்தப் புள்ளைக்கு வேற அத்தா வருவாகளா?”

அவள் வயிற்றின் மேல் இருந்த கையை எடுக்காமலே, ஏற மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். கூடப் படித்த ஸ்டான்லி, உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களைப் பார்த்துக்கொள்கிறவன். திங்கள்கிழமையே வந்துவிடு என்றான். சம்பளம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் சமதளம். ஒரு வளைவு கிடையாது. சீனிச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் அக்கா மகன் சுருளியை ஜீப்புக்கு அமர்த்தினார்.

பெண்களிடம் சொல்வதுதான் பரீத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக முத்துமாரியம்மாளை இறக்கிவிடும்போது வார்த்தையை மென்று விழுங்கிச் சொன்னான். அவள்தான் செட்டுக்கு மூத்தவள். பிரசவ வலி கண்ட மகளை ஆஸ்பத்திரிக்கு அவன் ஜீப்பில்தான் கொண்டுபோனாள். ஏசுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

“நல்லது தம்பி. புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வச்சுக்கிட்டு நீ இதுல கெடக்க வேணாம்” என்றாள். அவ்வளவுதான். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

செட்டு கை மாறும்போது வீடு காட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. பழைய டிரைவர் ஒரு நாள் கூடவே போய், எந்த வீட்டுக்கு எந்த ஆரன், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, யாருக்குப் படி ஏறக் கை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் புதியவனுக்குக் காட்ட வேண்டும். சனிக்கிழமை பரீத் வீடு காட்டினான். முன்சீட்டு இரண்டு பெண்களுக்கு உரியது, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆகவே பத்து வருடத்தில் முதல் தடவையாகப் பின்னால் பலகையில், முத்துமாரியம்மாளுக்கும் சுப்புத்தாய்க்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தான்.

“மாப்பிள மாதிரி நடுவுல ஒக்காந்துருக்காகப்பா” என்று பாண்டியம்மாள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஏறும்போது சுருளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கை. வளைவுக்கு வளைவு ஆரன் அடித்தான், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி நின்றான். பரீத்துக்கு நெஞ்சு லேசாயிற்று. ‘நாம இல்லாட்டியும் ஓடும்’ என்று நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அன்று பகல் முழுவதும் ஷெட்டுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதுதான் கடைசி என்று சந்தோஷமாகவே படுத்திருந்தான்.

மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தோட்டத்து மேஸ்திரியைப் போலப் பேசிக் காட்டினாள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் சுருளி சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் நின்றது. பேச்சும் நின்றது.

பரீத் திரும்பிப் பார்த்தான். பத்துப் பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அரை நிமிடத்துக்கு முன் வயிறு குலுங்கச் சிரித்த பாண்டியம்மாள் தலையைச் சாய்த்து, தூங்குகிறவளாக இருந்தாள். கண்ணாடியில் அவன் ஆயிரம் தடவை பார்த்த அதே காட்சி. ஆனால் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். இங்கே கை தெரிந்தது. முத்துமாரியம்மாளின் கை கம்பியை இறுக்கிப் பிடித்து நரம்பு புடைத்திருந்தது. சுப்புத்தாயின் உதடு என்னவோ முணுமுணுத்தது. முதல் வளைவு வந்தபோது அவன் குனிந்து பார்த்தான். பெண்களின் கால்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் தரையை அழுத்தின. பிரேக்கை மிதிக்கிற மாதிரி.

இத்தனை வருடமாக இந்தக் கால்களும் அவன் காலோடு சேர்ந்து மிதித்துக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

ஜீப்பின் வேகம் கூடியது. காற்று சீறியது. “சுருளி!” என்று கத்தினான். “சாவியப் போடு! கியர்ல எறக்குடா!”

சுருளி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, நீங்க எறக்காததா?”

மறுபடி கத்த எழுந்த பரீத்தின் மணிக்கட்டை முத்துமாரியம்மாள் பிடித்து இழுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

“பேச்சுக் குடுக்காத தம்பி. அவன் ரோட்டப் பாக்கட்டும்.”

“நீங்க தூங்கலையாக்கா?”

“இதுல யாருக்குத் தூக்கம் வரும்? எங்க மொகத்தக் கண்ணாடியில பாத்தா ஓட்டுறவுகளுக்குக் கை நடுங்கும்ல. அதேன் மூடிக்கிர்றது.”

அவன் அவள் பக்கம் குனிந்தான். “மொட்டப்பாறையில அன்னைக்கு?”

“அன்னைக்குந்தேன்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “நீ உடனே கண்ணாடியில எங்களத்தான பாத்த. தெரியாதமாதிரியே இருப்போம்டின்னு சுப்புத்தாய் கையக் கிள்ளிச் சொன்னேன்.”

மொட்டப்பாறை வந்தது. பரீத்தும் கண்ணை மூடிக்கொண்டான். வேறு வழி தெரியவில்லை. பெடல் வேலை செய்தது, வண்டி திரும்பியது, ஒன்றும் ஆகவில்லை. அடிவாரத்தில் சமதளம் தட்டியதும் இஞ்சின் உயிர் பெற்றது; பெண்கள் சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். கொட்டாவிகூட நடிப்பு என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இறங்கும்போது கேட்டான். “நாளன்னைக்கும் இவன் வண்டியிலதான் ஏறுவீகளாக்கா?”

“ஏறாம? வீட்டுல படுத்துக் கெடக்குறவருக்கு யாரு கஞ்சி ஊத்துவாக?” என்று சுப்புத்தாய் குறுக்கே சொன்னாள். இருந்து ஓட்டு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். கேட்காததுதான் அவனைப் பிடித்து நிறுத்தியது.

அங்கிருந்து நேராகச் சீனிச்சாமி வீட்டுக்கு நடந்தான். வாசலில் நின்றபடியே, “நானே ஓட்டுறேன். ஆனா இனி ஆப் பண்ணி எறக்க மாட்டேன். சுருளியும் எறக்கக் கூடாது. முடியாதுன்னா செட்டக் கூட்டிக்கிட்டு வேற ஜீப்புக்குப் போயிருவேன்” என்றான். செட்டு வருமா என்று அவனுக்கே தெரியாது. சீனிச்சாமி டீசலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பிறகு சாவியை எடுத்துத் திண்ணையில் அவன் முன்னால் வைத்தார். ஸ்டான்லிக்குப் போன் போட்டபோது, “உனக்குக் கிறுக்குடா” என்று வைத்துவிட்டான்.

நசீமாவுக்குத்தான் போன் போட முடியாது.

அந்தி மஃரிபு தொழுகை முடிந்து அவள் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து சொன்னான். கைகளைச் சொன்னான், கால்களைச் சொன்னான், கொட்டாவியைச் சொன்னான். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

“சத்தியம் பண்ணீகள்ல.”

“பண்ணேன்.”

“அவுக கண்ண மூடிக்கிட்டாக. நான் என்னத்த மூடிக்கிர்றது?”

பள்ளிக்கூட வேன், சமதளம், பிள்ளை எல்லாம் அந்தச் சின்ன அறையில் வந்து நின்றன. இப்போதுகூட ஸ்டான்லியைக் கூப்பிட்டுக் கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தான். உண்மையில் நினைத்தான். நசீமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மேலருந்து எறங்க ஆரம்பிக்கும்போது எனக்கு ஒரு ரிங் விடணும். கீழ வந்து சேந்ததும் ஒண்ணு. தெனமும்” என்றாள். பிறகு அவன் போனை எடுத்து விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்தாள்.

திங்கள்கிழமை விடிவதற்குள் சுப்புத்தாய் வீட்டு வாசலில் விளக்கு இரண்டு தடவை மினுங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள், யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தாள், தூக்குவாளியோடு ஏறிக்கொண்டாள். சாயங்காலம் உச்சியில் நின்று நசீமாவுக்கு ஒரு ரிங் விட்டான். இரண்டாவது கியரைப் போட்டான். இஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. பயம் எங்கேயும் போகவில்லை, தொடையிலேயே இருந்தது. மொட்டப்பாறையில் ஸ்டியரிங்கின் மேல் அவன் கை நடுங்கியது.

கண்ணாடியைப் பார்த்தான். முத்துமாரியம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை.