சேலை கட்டிய அயிரை

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது, செத்துப்போன என் தங்கச்சியின் மகன். எல்லாப் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் ஆளாகி நிற்கின்றன. அப்படிப்பட்டவளிடம் ஐந்து மீனை விட்டுவிட்டுப் போக ஒருத்தி யோசித்தால் கோபம் வருமா வராதா?

யோசித்தவள் என் பேத்தி. மதுரையில் காலேஜில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். அவளுடைய மீன்தொட்டி பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீன் என்றால் மினுமினுவென்று வாலாட்டித் திரிகிற ஜாதி இல்லை. விரல் நீளம், பாம்புக்குட்டி போல உடம்பு, மஞ்சளும் காப்பிக்கொட்டை நிறமுமாகக் குறுக்கே வரி, வாயோரம் மீசை. தொட்டிக்கு அடியில் பரப்பியிருக்கும் மணலுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். மேலே வந்து முகம் காட்டுகிற வழக்கமே கிடையாது. அருப்புக்கோட்டைக் கடைக்காரர் இதற்கு 'லோச்சு' என்று பேர் சொன்னாராம். பேரே வாயைக் கோணவைக்கிறது.

அவளைப் பெற்ற என் மருமகளுக்கு அந்தத் தொட்டியைக் கண்டால் ஆகாது. காரணம் தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அது இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. குழாயில் எப்போதாவது வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்து, ஒரு நாள் வாளியில் வைத்து, மருந்து வாடை போன பிறகு ஊற்ற வேண்டும்.

"நாம குடிக்கவே குடத்த வச்சிக்கிட்டுக் காத்துக் கெடக்கோம். இதுல கண்ணுக்கே தெரியாத மீனுக்கு ஒரு பங்கா?" என்பாள். பேத்தி கிளம்பிய அன்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "தீவாளிக்கு நீ வாரப்ப அஞ்சும் உசுரோட இருந்தா தொட்டி இருக்கட்டும். ஒண்ணு கொறஞ்சாலும் கடைக்காரர்ட்டயே குடுத்துருவேன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். "ஒன்னால முடியுமா அப்பத்தா?"

"ஏழு புள்ளைய ஆளாக்குனவகிட்டக் கேக்குற கேள்வியாடி இது? பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

வளர்ப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அவை இருக்கின்றன என்று மருமகளை நம்ப வைப்பதுதான் கஷ்டம். துணிக்கடை வேலை முடிந்து வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பாள். "செத்துருக்கும் அத்தை," என்பாள். "தூங்குதுகம்மா," என்பேன். "எந்நேரமுமா?" என்பாள். பொழுது சாய்ந்து அடியில் போய் விழுகிற தீனியைப் போட்டால், முதலில் ஒரு மீசை எட்டிப் பார்க்கும், பிறகு ஒரு தலை. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இருப்பாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பந்தல்குடியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரருக்கு இளையவள். கை சும்மா இராது. அவளை வீட்டில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால், தொட்டித் தண்ணீர் மழைக்காலத்துக் கண்மாய் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. அடுப்படியில் அவள் சின்ன வெங்காயம் உரிக்கிறாள். பக்கத்தில் ஒரு சட்டி நிறையப் பால். பாலுக்குள் நெளிகிறது என் உடைமை.

எங்கள் பக்கத்தில் அயிரை மீனை உயிரோடு வாங்கிப் பாலில் விடுவோம். பாலைக் குடித்துவிட்டு வயிற்று மண்ணைக் கக்கும். அதற்கப்புறம்தான் குழம்பு.

"வாங்க மதினி," என்றாள். "அயிரைக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி வரிவரியா இருக்கே, எந்தக் கம்மா மீனு?"

"அடிப் பாதகத்தி, அது வளக்குற மீனுடி!"

"அயிரைய யாரு மதினி வளப்பா?"

டீ வடிகட்டியை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளி, நல்ல தண்ணீரில் அலசித் தொட்டியில் விட்டேன். பாலில் கொஞ்ச நேரம் கிடந்தால் சாகாது என்று எனக்குத் தெரியும். எத்தனை சட்டி அயிரை பார்த்தவள்! விட்டவுடன் மணலுக்குள் ஓடிவிட்டன. ஆனால் நான் அள்ளியது நாலுதான்.

"அஞ்சாவது எங்கடி?"

"நாலுதான் மதினி ஆப்புட்டுச்சு. ஆத்தா சத்தியமா!"

அடுப்படி மூலை, பாத்திரம் கழுவுகிற அங்கணம், அவள் முந்தானை, எல்லாம் தேடியாயிற்று. மருமகள் வருகிற நேரமாகிவிட்டது. மீன் போனாலும் பால் நிற்கிறதே சாட்சிக்கு! அதைக் காய்ச்சிக் காப்பி போட்டு நாத்தனாருக்குக் கொடுத்தேன். நான் கடுங்காப்பி குடித்தேன்.

"நீங்க பால் ஊத்திக்கலையா மதினி?"

"எனக்குச் சளி."

இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலை பேத்தி வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்கவில்லை, தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பின்னாலேயே நின்றாள். தீனி போட்டோம். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. நாலும் வந்தன.

"நாலு," என்றாள் மருமகள்.

பேத்தியின் முகம் சுண்டிவிட்டது. அவள் தொட்டிக்குள் கையை விட்டு, மீன் ஒளிந்துகொள்ளத் தானே மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த சிரட்டையைத் தூக்கினாள். அடியில் சுருண்டு கிடந்தது ஐந்தாவது, மற்றவற்றைவிடக் கொழுத்து.

"அடடா, இது எனக்குத் தப்பிருச்சே!" என்றாள் நாத்தனார்.

அவள் காலை ஓங்கி மிதித்தேன்.

"என்னது தப்பிருச்சு?" என்று மருமகள் திரும்பினாள்.

"பந்தல்குடி பஸ்ஸு தப்பிருச்சாம்மா," என்றேன்.

"அடுத்த பஸ்ஸு இந்தா வந்துரும்," என்றாள் மருமகள். தொட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். "சரி, இருந்து தொலையட்டும்," என்று சொல்லிவிட்டு, நல்ல தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து அவளே பக்கத்தில் வைத்தாள்.

மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டி இதை எழுதியிருக்கிறேன். பேத்திக்கும் பால் விஷயம் இதுவரை தெரியாது. இந்தாடி, வாசிச்சுக் காட்டு, சரியா வந்திருக்கான்னு பாப்போம். மெல்லமா வாசி, ஒங்கம்மா கடையிலருந்து வாரதுக்குள்ள முடிக்கணும்.