மாட்டுக்காரியிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் மாடு களவு போனது தேர்த் திருவிழா அன்று, பட்டப்பகலில். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயமே கோயிலில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பட்டியில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது.

அது என் மனைவியின் மாடு. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அலுப்பைப் பார்க்காமல் புல் அறுத்துப் போட்டு வளர்த்தாள். அப்போது அது சினையாக வேறு இருந்தது. நான் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. என்னோடு பேசியதைவிட அவள் அந்த மாட்டோடு பேசியதுதான் அதிகம்.

பொலிஸ் சீக்கிரமே ஆளைப் பிடித்துவிட்டது. மாட்டை ஏற்றிக்கொண்டு போன சின்ன லொறியின் டிரைவர் அவன்; பொலிசில் எங்களுக்கும் ஆளைக் காட்டினார்கள். மாடு மட்டும் கிடைக்கவில்லை. வழக்கு வரும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார் சார்ஜன்ட். மாதங்கள் போயின, ஒரு சொல்லும் வரவில்லை.

ஒருநாள் கொழுந்தியாளை ரயிலிலிருந்து கூட்டிவர நானுஓயாவுக்குப் போனோம். ஸ்டேஷன் வாசலில் அதே டிரைவர் நின்று வடை தின்றுகொண்டிருந்தான். என் மனைவி நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ உள்ள இல்லையா?"

"அதெல்லாம் பேசி முடிஞ்சிருச்சிக்கா. ஒங்ககிட்ட சொல்லலையா?" அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பொலிசுக்குப் போனோம். சார்ஜன்ட் கெட்ட மனிதர் அல்ல. குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் விளக்கினார். இந்த டிரைவர், திருட்டுக் கூட்டத்தில் மற்றவர்கள் யார் யார் என்று காட்டிக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பதிலாக, களவுக் குற்றத்தை விட்டுவிட்டு, அனுமதி இல்லாமல் மாடு ஏற்றினான் என்று சின்னக் குற்றமாக வழக்கை முடிக்கப் போகிறார்கள். அடுத்த கோர்ட் தவணையோடு சரி. இது ரகசியம், வெளியில் சொல்லக் கூடாது.

என் மனைவி தமிழிலேயே கேட்டாள்: "மாடு எங்க மாடு. ரகசியம் மட்டும் ஒங்களுதா மாத்தயா?"

அவருக்குத் தமிழ் புரியும். தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

கோர்ட்டுக்கு எதிரே ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. பொலிஸ்காரர் அந்த ஆளோட கதைச்சு முடிச்சாலும் களவு குடுத்த உங்களுக்குச் சொல்லத்தான் வேணும். முடிவு எடுக்கமுதல் உங்கட பக்கத்தைச் சொல்லவும் சட்டத்தில உரிமை இருக்கு."

தவணை நாளில் எங்கள் லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடவே கிளம்பிவிட்டார்கள். திருவிழாச் சேலை, தலையில் பூ, பை நிறைய ரொட்டியும் சம்பலும். பஸ்ஸில் பாட்டு வேறு. கல்யாணத்துக்கா போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார்.

வழக்கைக் கூப்பிட்டதும் எங்கள் சட்டத்தரணி எழுந்தார். மாட்டின் சொந்தக்காரிக்கு இந்த ஏற்பாடு தெரியப்படுத்தப்படவில்லை என்றார். அது உண்மையா என்று பொலிஸ் தரப்பை நீதவான் கேட்டார். பொலிஸ் தரப்பு கோப்பைப் புரட்டியது. அவர் என் மனைவியை முன்னால் அழைத்தார். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள்.

"ஐயா, இவர ஜெயிலுக்கு அனுப்பணும்னு நான் வரல. கூட்டாளிங்கள காட்டிக் குடுத்தாரு, நல்லது. என் மாடு எங்கன்னு இவர யாராச்சும் கேட்டாங்களா? சினை மாடுங்க. இந்நேரம் கன்னு போட்டிருக்கும்."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் நீதவான் டிரைவரைப் பார்த்தார். "மாடு எங்கே?"

"வலப்பனைப் பக்கம் ஒருத்தருக்கு வித்தோம் ஐயா. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல."

கோர்ட்டே சிரித்தது. நீதவான் முகத்தைக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு கண்டிப்பான குரலில் வழக்கை ஒத்திவைத்தார். மாட்டைத் தேட வேண்டும், மாட்டுக்காரிக்குத் தெரியாமல் எதையும் முடிக்கக் கூடாது என்றார். மற்றத் திருடர்களைப் பிடிப்பதற்கான விவரம் ரகசியமாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார். அதில் எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை.

கடைசியில் டிரைவர் களவுக் குற்றத்தையே ஒப்புக்கொண்டான். மறுபடி தப்புச் செய்தால்தான் உள்ளே போகும்படி, ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கு முன் என் மனைவியின் சம்மதத்தையும் நீதவான் கேட்டார். வெளியே வந்ததும் டிரைவர் அவளைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். "இனிமே மாட்டப் பாத்தா தள்ளியே நில்லு" என்றாள்.

மாட்டைச் சார்ஜன்டே லொறியில் கொண்டுவந்தார். களவு மாடு என்று தெரியாமல் வாங்கிய வலப்பனைக்காரர் அதை நன்றாகத்தான் வளர்த்திருந்தார். கூடவே நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு கிடாரிக் கன்று. லயம் முழுவதும் ரோட்டுக்கு ஓடி வந்தது. யாரோ தப்பு மேளம் அடித்தார்கள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் மனைவி அழுதாள், சிரித்தாள், என்னையும் ஒரு அடி அடித்தாள். எதற்கென்று இன்றுவரை தெரியாது. அன்று எல்லாருக்கும் பால் தேத்தண்ணி. சார்ஜன்ட் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சில வாரம் கழித்து, எங்கள் தோட்டத்தின் அடுத்த டிவிசனிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். அவளுடைய சங்கிலியை அறுத்தவனோடும் பொலிஸ் ஏதோ பேச்சு நடத்துகிறதாம். "கோர்ட்ல பேசுனது நீங்கதானேங்க?" என்று வாசலில் நின்று தயங்கினாள்.

"உள்ள வாங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றாள் என் மனைவி. மறுநாள் காலை அந்தச் சட்டத்தரணியிடம் போக அவளோடு பஸ் ஏறியும் விட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க, சோறு நீங்கதான்!" என்று கத்தினாள்.

நான் வைத்த பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. திரும்பி வந்த இரண்டு பேரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். பேச்சு அவ்வளவு இருந்தது.