ஸ்மார்ட் போர்டுக்கு மூன்று பூச்சு

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே நடக்க வேண்டும். பிள்ளைகளோடு ஆசிரியர்களும் தலைமையாசிரியையும்கூட அப்படித்தான். வேலையில் சேர்ந்த முதல் நாள் என் காலுறை ஓட்டை வழியாகப் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை மறைக்க ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டே எல்லோரோடும் கைகுலுக்கினேன். நம் பக்கத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்கிற ஒரே இடம் கம்ப்யூட்டர் அறைதான். உள்ளே ஏ.சி. ஓடாது, கம்ப்யூட்டரிலும் பாதி ஓடாது. ஆனாலும் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். இங்கே பிள்ளைகள் கணினியைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள், அதன் மேல் சிப்ஸைக் கொட்டித் தின்கிறார்கள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஷூவோடு தரையை மிதித்தால்தான் சத்தம் போடுகிறார்கள்.

ஸ்வீடனின் நடுப்பகுதியில் ஏரிக்கரையில் இருக்கிற சிறிய ஊர் இது. பாளையங்கோட்டைக்காரியான நான் இங்கே வந்தது டிஜிட்டல் பயிற்றுநர் வேலைக்கு. அதாவது, கணினியையும் தொடுதிரைப் பலகையையும் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மகள் ஜாய்ஸை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். கணவர் ஜெபமணி, சீவலப்பேரி போகிற வழியில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஓய்வுபெற இன்னும் சில வருடம் இருக்கிறது. ஒருமுறை அரைப்பரீட்சை விடுமுறையோடு விடுப்பும் சேர்த்துப் போட்டு இங்கே வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காலுறையை மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உறைந்துபோன ஏரியைப் பார்த்தார். "மனுஷன் இருக்க ஊராட்டி இது" என்று கேட்டார். டிக்கெட்டில் இருந்த தேதிக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் வந்த இரண்டாம் வருடத்தில் காற்று திசை மாறியது. பிள்ளைகள் திரையைக் குறைக்க வேண்டும், புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்ப வேண்டும் என்று நாடே பேச ஆரம்பித்தது. எங்கள் தலைமையாசிரியை ஆனிகா, கிடங்கிலிருந்து சக்கரம் வைத்த பழைய கரும்பலகை ஒன்றைத் தேடி எடுத்து ஆசிரியர் அறையில் நிறுத்தினார். இங்கே தலைமையாசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்றைக்கும் ஆனிகா என்று சொன்ன கையோடு ஒரு மேடமும் வந்துவிடுகிறது. பூகோள ஆசிரியர் லார்ஸ் முதல் ஆளாக அதில் எழுதிப் பழக வந்தார். இத்தனை வருடம் திரையிலேயே பாடம் நடத்தியவர், கையில் ரப்பர் கையுறை, மூக்கில் முகக்கவசம். சாக்பீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த முனையில் எழுத வேண்டும் என்று கேட்டார். எந்த முனையிலும் எழுதலாம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் ஆனிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டிஜிட்டல் பலகைகளை நிறுத்தப்போகிறோம், அதனால் டிஜிட்டல் பயிற்றுநர் பணி கோடை விடுமுறைக்குப் பிறகு இருக்காது என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். இந்த நாட்டில் நான் இருப்பதற்கான அனுமதி இந்த வேலையில்தான் தொங்குகிறது. ஜாய்ஸ் அழுது அழுது இந்த மொழியைப் படித்து இப்போதுதான் மேல்வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். அவளை இரண்டாவது தடவையாகப் பிடுங்கி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், ராத்திரிக்கு முருகன்குறிச்சியில் பரோட்டா தின்றுவிட்டு ஆளில்லாத வீட்டைத் திறக்கிற மனிதரையும் நினைத்துக்கொண்டேன். வேலை போனால் அவரோடு இருக்கலாம் என்கிற சின்ன ஆசை உள்ளே எழுந்தது. அதற்காக என் மீதே எனக்குக் கோபம் வந்தது.

இங்கே தினமும் காலையில் ஃபீக்கா என்று ஒன்று உண்டு. எல்லோரும் கூடி உட்கார்ந்து காபி குடித்து, ஏலக்காய் போட்ட பன் தின்பார்கள். ஆனிகா சொன்னதற்கு அடுத்த நாள் ஃபீக்காவில் எல்லோரும் என்னைத் துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்த இறுக்கத்தைக் கலைக்க, பாளையங்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வந்த கதையைச் சொன்னேன்.

அப்போது நானும் என் கணவர் ஜெபமணி சாரும் ஒரே பள்ளியில்தான் வேலை பார்த்தோம். ஸ்மார்ட் போர்டுக்கு ஒருநாள் பயிற்சி என்று என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். உளுந்தவடை, டீ, ஆளுக்கு ஒரு பேனா, எல்லோரும் ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டபடி ஒரு குரூப் போட்டோ, பயிற்சி முடிந்தது. திரும்பி வந்து மற்ற ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். அன்றைக்கென்று ஜெபமணி சார் முக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டாம் வகுப்புச் சுவரில் வெள்ளை வெளேரென்று பலகையை மாட்டினார்கள். திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தியும் வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரே ஒரு வேலைதான் தோன்றும்: எல்லாப் போர்டையும் கறுப்பாக்குங்கள். வருடா வருடம் அந்தப் பொறுப்பு ஜெபமணி சாருடையது. வேலியில் படர்ந்த கோவை இலையைப் பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்து மைபோல அரைத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தேய்ப்பார். சனிக்கிழமை அப்படியே ஒவ்வொரு வகுப்பாகத் தேய்த்துக்கொண்டு வந்தவர், எட்டாம் வகுப்பில் நுழைந்ததும் புதுப் பலகை ஒன்று கரியே படாமல் தொங்குவதைப் பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை அதிகாரிக்குப் பின்னால் நானும் வகுப்புக்குள் நுழைந்தேன். ஸ்மார்ட் போர்டு கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டிருந்தது. ஜெபமணி சார் முன்னே வந்து பெருமையாகச் சொன்னார்: "புதுப் பலகை சார், கரி லேசுல ஏறல. அதான் மூணு பூச்சு குடுத்திருக்கேன்." தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். புரொஜெக்டரைப் போட்டால் வெளிச்சம் அந்தக் கறுப்பில் போய் விழுந்து காணாமல் போனது. அதிகாரி பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். நடந்தது ஒன்றும் புரியாத ஜெபமணி சார், சாக்பீஸை எடுத்துப் பொதிகையில் ஆரம்பித்துப் புன்னைக்காயல் வரை தாமிரபரணியை வரைந்தார். அந்தப் பலகைக்கு விரலும் ஒன்றுதான், சாக்பீஸும் ஒன்றுதான். எது தொட்டாலும் கோடாக எடுத்துக்கொள்ளும். மூலையில் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் தாமிரபரணி தானாக ஓட ஆரம்பித்தது. சிற்றாறு வந்து சேர்ந்தது, ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பழமையும் புதுமையும் கைகோத்த அருமையான முயற்சி என்று பாராட்டினார். அடுத்த மாதமே பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கறை கடைசிவரை போகவில்லை. வீட்டுக்கு வந்து நான் கத்தியதற்கு, "நீதான டிரெய்னிங் போன, ஒரு வார்த்த சொல்லப்படாதா" என்று என்னையே திருப்பிக் கேட்டார் அவர்.

கதையை முடித்துவிட்டு அவர்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. லார்ஸ் அது என்ன இலை என்று கேட்டார். ஆனிகா, எழுதியது எல்லாம் கணினியில் சேமிப்பாகுமா, பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பிள்ளைகளுக்குத் திரை இல்லை, கையால் எழுதுகிறோம், பலகைகளைச் சுவரிலிருந்து பெயர்க்கவும் வேண்டாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் வேடிக்கைக்காகச் சொன்னேன் என்று விளக்கப் பார்த்தேன். இந்தியர்கள் தன்னடக்கம் உள்ளவர்கள் என்று ஆனிகா மற்றவர்களிடம் சொன்னார். ஒரு வாரத்தில் குழு அமைத்துவிட்டார்கள். கோவை இலைக்குப் பதிலாகக் கடையில் விற்கிற கரும்பலகைப் பெயிண்ட், முதலில் ஒரே ஒரு பலகையில். இந்த முறையில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் செய்து காட்ட வேண்டும். அது சரிவந்தால் என் பணி நீடிக்கும், சரிவராவிட்டால் பழைய முடிவுதான்.

ஜெபமணி சாரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே பள்ளிக்குக் கிளம்புகிற காலை நேரம். அங்கே மத்தியானம், பள்ளிக்கூட இரைச்சல் கேட்டது.

"நான் நல்லாச் செஞ்சா நீ அங்கனயே இருப்ப. சொதப்பினா வந்திருவ. அப்படித்தான?"

"ஆமா."

"அப்போ எப்படிச் செய்யட்டும்?"

சொதப்பிவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஜாய்ஸ் பக்கத்து அறையில் ஸ்வீடிஷில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாவே செய்ங்க," என்றேன்.

"சரிட்டி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

குறித்த நாளில் ஆசிரியர் அறை டிவியில் அவர் தெரிந்தார். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி வைத்திருந்தார், தலையில் எண்ணெய் மின்னியது. இந்தப் பக்கம் அத்தனை ஆசிரியர்களும் காலுறையோடு உட்கார்ந்து காபியும் சாக்பீஸுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். பூச்சைப் பையத் தேய்க்க வேண்டும், ஒரே திசையில் இழுக்க வேண்டும், வெயிலில் காய விட வேண்டும் என்றார். வெயிலுக்கு என்ன செய்வது என்று இவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்து, முடி உலர்த்தும் கருவி என்று முடிவாயிற்று. முழுச் சாக்பீஸ் கீச்சிடும், ஒடித்துத்தான் எழுத வேண்டும் என்றார். அறை முழுக்க ஒரே நேரத்தில் பட் பட்டென்று சாக்பீஸ் ஒடிந்தது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதிக் காட்டினார். இத்தனை அழகாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு இடத்திலாவது தடுமாறுவார் என்று நினைத்தேன், தடுமாறவேயில்லை.

மாதிரிப் பலகை ஒன்றை முழுதாக எழுதிக் காட்டுங்கள் என்று ஆனிகா கேட்டார். நடுவில் தலைப்பு எழுதினார், கோடு போட்டார், ஒரு மூலையில் தேதி, கிழமை. பிறகு வழக்கம்போல இன்னொரு மூலைக்குப் போனார். நம் ஊரில் எந்த வகுப்பிலும் அந்த மூலையில் இருக்கிற, மொத்தம் எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்கிற கணக்கைத்தான் எழுதினார்.

பதிவு 3
வருகை 1

எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தார். லார்ஸ் என்னிடம் அது என்ன என்று கேட்டார். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பலகையின் ஓரத்தில் எப்போதும் அதை எழுதுவோம் என்று மட்டும் சொன்னேன். அது எங்கள் வீட்டுக் கணக்கு என்று சொல்லவில்லை. எல்லோரும் கைதட்டி, படம் பிடித்துக்கொண்டார்கள். ஆனிகா என் தோளைத் தொட்டு, பணி நீடிக்கும், எல்லாப் பலகைகளையும் இப்படியே மாற்றிவிடலாம் என்றார். ஜெபமணி சார் டிவியிலிருந்து, நல்லாச் செஞ்சேனா என்று கேட்டார். நல்லாச் செஞ்சீங்க என்றேன். அடுத்த பீரியட் இருக்கிறது என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

பிறகு நடந்ததைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டீர்கள். இந்த மக்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் புள்ளி பிசகாமல் அப்படியே செய்வார்கள். பெயிண்ட் காய்ந்த மறுநாள் காலை காரிடாரில் நடந்துபோனேன். ஒவ்வொரு வகுப்பிலும் புதுக் கரும்பலகை, ஒவ்வொரு பலகையின் மூலையிலும் படத்தைப் பார்த்துக் கோலம் போல வரைந்த தமிழ் எழுத்து. வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு மேலே பதிவு 3, வருகை 1. ஏழாம் வகுப்பிலும் அதுதான், எட்டாம் வகுப்பிலும் அதுதான், பாட்டு வகுப்பிலும் அதுதான். கடைசி அறையில் அதை அழிக்க டஸ்டரை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து லார்ஸ் கையுறையோடு ஓடி வந்தார். எழுத்து கொஞ்சம் கோணலாகியிருக்கும், எண்களாவது சரிதானா என்று கவலையோடு கேட்டார்.

சரிதான் என்றேன்.