கட்டை விழுகிற விளையாட்டு

மாமா கனடாவிலிருந்து முதன்முதலாக ஊருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா தன் தமையனுக்காகக் காத்திருந்தாள். நான் அவருடைய பெட்டிகளுக்காகக் காத்திருந்தேன். அனலைதீவு இறங்குதுறையில் அவர் படகிலிருந்து இறங்கியதும் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கோ ஒரு பெட்டி கடல் தண்ணீர் பட்டு நனைந்திருந்ததுதான் கண்ணில் பட்டது. அதற்குள் என்ன இருக்கிறதோ, அது கெட்டுப்போயிற்றோ என்று வீடு வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நனைந்த பெட்டிக்குள் குளிக்கிற சவர்க்காரமும் துடைக்கிற துவாய்களும்தான் இருந்தன. எனக்கானதை மாமா சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு விளையாட்டுப் பெட்டி. சின்னத் திரை, இடப்பக்கம் கூட்டல் அடையாளம் போல ஒரு பொத்தான், வலப்பக்கம் சிவப்பாக இரண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் உலகத்துப் பிள்ளைகள் விளையாடிய பழைய விளையாட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்றார் மாமா. நீண்டுகொண்டே போகும் பாம்பு, பறக்கும் தட்டைச் சுடுவது, குழிகளைத் தாண்டி ஓடும் குள்ளன் என்று அது முடிவில்லாமல் இருந்தது. அன்று தீவில் என்னைவிடப் பெரிய பணக்காரி ஒருத்தியும் இல்லை.

அந்தப் பணக்காரத்தனம் ஒருநாள்கூட நீடிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்த அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதிலை கட்டை விழுகிறது இருக்கோ அண்ணை?"

"அது இல்லாட்டி இதை வாங்கியிருப்பனோ?" என்றார் மாமா.

மேலிருந்து பல வடிவக் கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்கினால் வரிகள் கரைந்து புள்ளி ஏறும். குழப்பி அடுக்கினால் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துவிடும். நான் அதை ஒரு தடவை விளையாடிப் பார்த்து, சுவரெழுப்பும் வேலை மேசன்மாருக்குரியது என்று விட்டிருந்தேன். அம்மா விட்டாளில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டை திரும்பும் பக்கமெல்லாம் தானும் தலையைச் சரித்து, நீளக் கட்டை வரும்வரை ஓரத்தில் ஒரு இடம் ஒதுக்கி வைத்து, வந்ததும் நாலு வரியை ஒரே அடியில் கரைத்தாள். கைத்தொலைபேசியை நான் தொட்டாலே கண் கெட்டுவிடும் என்று கத்துகிறவள், குசினி வாசற்படியில் இருந்துகொண்டு "எப்பன் பொறு பிள்ளை, இந்தக் கட்டை மட்டும்" என்று கெஞ்சினாள். உள்ளே நீர் வற்றிப் புட்டுப் பானை கருகியது. அப்பா புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்து, மணம் பிடித்து, கடையில் வாங்கிய பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்.

பானைகளைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் நான் அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் விளிம்பில் ஒரு சிறு பொத்தான் இருந்தது. அதை அமத்திவிட்டு அணைத்தால், மறுபடி போடும்போது ஆட்டம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். அம்மா நம்பவில்லை.

"கரண்ட் போனாலும் அப்பிடியே இருக்குமோ?"

"ஓம். நாளைக்கும் இருக்கும், அடுத்த வருசமும் இருக்கும்."

அம்மா அமத்தினாள், அணைத்தாள், போட்டாள். ஆட்டம் அப்படியே நின்றது. அந்தப் பொத்தானை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அம்மாவின் ஆட்டம் முடிவதே இல்லை. என் முறை வருவதும் இல்லை.

அடுத்த கிழமை தீவுக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. அதற்கான சாமான் பட்டணத்திலிருந்து படகில் வரவேண்டும் என்றார்கள். மின்னேற்ற வழியில்லாமல் விளையாட்டுப் பெட்டியின் பற்றறி இறங்கித் திரை கறுத்தது. நான் அழுதேன். அம்மா அழவில்லை, ஆனால் முகம் என்னுடையதைப் போலத்தான் இருந்தது. மாமா எழும்பிக் கொட்டிலுக்குள் போய், அப்பாவின் பழைய சைக்கிளை வெளியே எடுத்து வந்து, முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்தார். உடைந்த வானொலி ஒன்றைக் கழற்றி அதிலிருந்து ஏதோ துண்டுகளை எடுத்து, சைக்கிள் டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியில் பொருத்தினார். பிறகு குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றினார். திரை வெளிச்சமானது.

"கனடாவிலை இருந்து வந்து முத்தத்திலை சைக்கிள் சுத்துறீர் மச்சான்" என்றார் அப்பா.

"பழகின கை" என்றார் மாமா.

எனக்காகச் சுற்றச் சொன்னால் கை நோகுதென்பார். அம்மா கட்டை விளையாட்டை எடுத்தால் நோவு பறந்துவிடும். சுற்றுவது தளர்ந்தால் வெளிச்சம் மங்கும், நிறுத்தினால் அணைந்துவிடும். ஆகவே ஒரே சீராகச் சுற்றவேண்டும். வியர்க்க வியர்க்கச் சுற்றிக்கொண்டு, அவர் எனக்குக் கதை சொன்னார்.

"கொம்மாவுக்கு, இந்தா இருக்கிறாளே இவளுக்கு, அப்ப உன்ரை வயசு. தீவிலை இருந்து இடம்பெயர்ந்து மானிப்பாயிலை இருந்தனாங்கள். கொழும்பாலை வந்த ஒராள் இவளுக்கு இந்தக் கட்டை விளையாட்டு ஒண்டு குடுத்தது. உள்ளுக்கு இருந்த பற்றறி கெதியிலை முடிஞ்சுபோச்சு. சண்டைக் காலம், பற்றறி உள்ளுக்கு வரத் தடை. பிறகு நான்தான் பற்றறி."

"எவ்வளவு நாள் சுத்தினீங்கள்?"

"கொழும்புக்கு வெளிக்கிடுமட்டும். அண்டைக்கு இவளுக்குப் புள்ளி நல்லாய் ஏறிக்கொண்டு போகுது. படலையிலை ஆக்களை ஏத்துற வான் வந்து கோன் அடிக்குது. கிளாலியிலை படகு ஏறப் போற ஆக்கள் வெளிக்கிட்டினம், ஓடி வாடா எண்டு உன்ரை தாத்தா கத்துறார். நான் பெடலை விட்டிட்டு எழும்பிட்டன். அவ்வளவுதான், எல்லாம் கறுத்துப்போச்சு. கொம்மாவுக்கு வந்துதே கோவம்! அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டாள். தட்டினன், திறக்கேல்லை. நான் அந்த ஆக்களோடை வெளிக்கிட்டுப் போட்டன்."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பின்னேரம் வந்திடுவியள் எண்டு நினைச்சன்" என்றாள்.

கொழும்புக்குப் போன மாமா அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். இருவரும் மறுபடி நேரில் கண்டுகொண்டது நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இறங்குதுறையில்தான். இது எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு அது அநியாயமாக அணைந்துபோன ஓர் ஆட்டத்தின் கதை. நான் முழுக்க முழுக்க அம்மாவின் கட்சி. வான் கொஞ்ச நேரம் நின்றால் தேய்ந்தா போய்விடும்?

"அந்தக் கட்டை முடியுமட்டும் எண்டாலும் சுத்தியிருக்கலாம் மாமா" என்றேன், நியாயம் தெரிந்த ஆள் போல.

மாமாவின் சிரிப்பு நின்றது. "ஓம் பிள்ளை, சுத்தியிருக்கலாம்" என்றுவிட்டு முன்னையிலும் வேகமாகச் சுற்றினார்.

மின்சாரம் திரும்பி வந்தது. மாமா திரும்பிப் போகும் நாளும் வந்தது. காலைப் படகில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து வான் பிடித்துக் கொழும்புக்குப் போகவேண்டும். மிளகாய்த்தூளும் ஒடியலும் பனங்கட்டியும் கட்டி முடித்த அம்மா, மாமா குளித்து வரும்வரை வாசற்படியில் இருந்து விளையாடத் தொடங்கினாள். அன்று அவளுடைய கையில் ஏதோ ஏறியிருந்தது. கட்டைகள் மழை போல விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. அதுவரை வந்த புள்ளிகளையெல்லாம் தாண்டி எண்ணிக்கை ஓடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எங்கள் குடும்பத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியப்போகிறது என்றே நம்பினேன்.

மாமா பையோடு வந்து எங்கள் முன்னால் நின்றார். அம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

"விளையாடு. நான் போட்டு வாறன். வழியனுப்ப ஒருத்தரும் மினக்கெட வேண்டாம்."

அம்மா பெட்டியை அணைத்தாள். விளிம்பிலிருந்த சிறு பொத்தானைத் தொடவே இல்லை. ஒரு கட்டை பாதி வழியில் விழுந்துகொண்டிருந்தபோதே திரையைக் கறுக்க வைத்து, பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மாமாவின் பையைப் பறித்துக்கொண்டு நடந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லிமாளாது. ஒரு விரலால் அமத்தவேண்டிய வேலை! வழி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இறங்குதுறைவரை பின்னால் போனேன். இருவரில் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

படகு நகர்ந்தது. மாமா ஆட்களுக்கு நடுவில் எழும்பி நின்று, கையசைப்பதற்குப் பதிலாக, ஒரு கையை முன்னால் நீட்டிப் பெடல் சுற்றுவதுபோலச் சுற்றிக் காட்டினார். அம்மா சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். படகு சிறுத்துப்போன பிறகும் மாமாவின் கை சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவும் என்னைப் போகவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள்.

அம்மா அழுவதைப் பார்க்க எனக்கு என் ஆத்திரம் மறந்துபோயிற்று. அவ்வளவு பெரிய புள்ளி போனால் யாருக்குத்தான் அழுகை வராது?

"அழாதீங்கோ அம்மா. இன்னொருக்கா விளையாடினா அந்தப் புள்ளி வரும்."

"ஓம் பிள்ளை, வரும்" என்றாள்.

ஆனாலும் இவள் இனியும் இப்படி மறந்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவை வாசற்படியில் இருத்தி, எந்தப் பொத்தானை அமத்தினால் ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும் என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவள் போல, கடைசிவரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.